டர்பன் டவுனும் கேப் டவுனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்து, நடுவில் ஆறு வருடம் கேப் டவுனில் வேலை பார்த்துவிட்டு, மறுபடியும் டர்பனுக்கே வந்து சேர்ந்தவன் நான். அதனால் கல்யாண வீடோ காரிய வீடோ, எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒரு பெரியப்பா ஆரம்பித்துவிடுவார்: "என்னப்பா, அங்கே டவுன் ஜொலிக்குதாமே, நம்ம டவுன் ஏன் இப்படி நாறுது?" ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நடுநிலை என்றெல்லாம் பாசாங்கு செய்யப் போவதில்லை, நான் டர்பன்காரன். (டவுன் என்று நான் சொல்வது ஊரின் நடுப்பகுதியை.)

முதலில், எது பெரிய ஊர்?

கேப் டவுன். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 47.7 லட்சம் பேர், டர்பனை உள்ளடக்கிய ஈ-தெக்வினி மாநகரத்தில் சுமார் 42.4 லட்சம். 2011-ல் 37.4 லட்சமும் 34.4 லட்சமுமாக இருந்தது. (2022 கணக்கெடுப்பில் விடுபட்டுப் போனவர்கள் நிறைய, அதைப் புள்ளிவிவரத் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது, ஆகவே தசமப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.) இரண்டு ஊரிலும் புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானோர் டவுனுக்குள் வரவில்லை, ஓரங்களில்தான் குடியேறினார்கள். இது பின்னால் வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் டவுன் செத்துப் போய்விட்டதாமே?

இதைச் சொல்பவர் கடைசியாக டவுனுக்கு எப்போது வந்தார் என்று கேளுங்கள். பத்து வருடம் ஆகியிருக்கும்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வார்விக் ஜங்ஷனில் வந்து நின்று பாருங்கள். பெரேயா ரயில் நிலையம், பஸ் நிலையங்கள், மினிபஸ் டாக்ஸி ஸ்டாண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. ஒரு நாளைக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாகப் போய் வருகிறார்கள், தெருவிலும் மார்க்கெட்டுகளிலும் 5,000-க்கும் மேற்பட்ட வியாபாரிகள் பிழைக்கிறார்கள் என்று கணக்கு. மாட்டுத்தலை வேகவைத்து விற்கும் ஆட்கள் ஒரு பக்கம், மக்காச்சோளம் அவிக்கும் பெண்கள் ஒரு பக்கம், பாசிமணி, பழைய துணி, சுண்ணாம்புக்கட்டி, இம்பெப்போ என்கிற சாம்பிராணி மாதிரியான புகைமூலிகை. செத்த ஊரில் தோளை இடிக்காமல் நடக்க முடியும், இங்கே முடியாது.

செத்தது எது என்றால், பழைய வெஸ்ட் தெருவும் ஸ்மித் தெருவும். வங்கித் தலைமையகம், பெரிய வக்கீல் அலுவலகம், ஜவுளி மாளிகை, ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்கொண்டு போய் ஜன்னல் பார்ப்பது, அந்த டவுன் போயாச்சு. 2008-ல் தெருப்பெயர்களும் மாறின: வெஸ்ட் தெரு டாக்டர் பிக்ஸ்லி காசெமே தெரு ஆனது, கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆனது. ஆனால் கிரே தெருவை நாங்கள் இன்னமும் கிரே தெரு என்றுதான் சொல்கிறோம். பெயர் மாறியதால்தான் டவுன் கெட்டது என்று சொல்லும் மாமாக்கள் சிலர் உண்டு, அவர்களிடம் வாதம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை.

குப்பை, உடைந்த நடைபாதை, மாடிகளில் ஜன்னல் இல்லாத கட்டடங்கள், இரவில் எரியாத விளக்கு, இதெல்லாம் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. மாநகராட்சி டவுனைக் கைவிட்டது என்றால் ஒப்புக்கொள்கிறேன். மக்கள் கைவிட்டார்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் பணம் எங்கே போச்சு?

வடக்கே, உம்ஷ்லாங்கா மேட்டுக்கு. இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடமாக நிற்கிற அந்த ரிட்ஜ் 1990-கள் வரைக்கும் கரும்புத் தோட்டம். நிலத்தை வைத்திருந்த டோங்காட் ஹூலெட் சர்க்கரை கம்பெனி, கரும்பை விட மனைதான் நல்ல விளைச்சல் என்று கண்டுகொண்டது. 2001-ல் கேட்வே மால் திறந்தார்கள். அதைச் சுற்றி அலுவலகங்கள், ஆஸ்பத்திரி, ஹோட்டல், அடுக்குமாடி. 2010 மே 1-ஆம் தேதி விமான நிலையமும் தெற்கே இருந்து எடுபட்டு வடக்கே லா மெர்சிக்குப் போனது. அதற்குப் பிறகு டவுனில் அலுவலகம் வைத்திருந்த ஆடிட்டருக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

ஏன் போனார்கள் என்று கேட்டால் பார்க்கிங் என்பார்கள், கட்டடம் பழசு என்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் 1991-ல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து வைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் ரத்தாகி, கறுப்பின மக்கள் டவுன் பிளாட்டுகளுக்குக் குடிவரத் தொடங்கியபோதுதான் பலருக்குப் பார்க்கிங் பிரச்சினையே கண்ணில் பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரர்கள் மட்டும் போனார்கள் என்று நினைக்காதீர்கள், நம் டாக்டர்களும் வக்கீல்களும் பின்னாலேயே போனார்கள். என் சித்தப்பா மகனின் பல் கிளினிக் கிரே தெரு ஓரத்தில் முப்பது வருடம் இருந்தது, இப்போது கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போனால் பல்லோடு சேர்த்துப் பர்ஸும் கழன்றுவிடும்.

எனக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். 1860 நவம்பர் 16-ல் மெட்ராஸிலிருந்து தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து நின்றதிலிருந்து நம் ஆட்கள் வெட்டியது இந்தக் கரையோரக் கரும்பைத்தான். என் ஆயாவைப் பெற்றவள் மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் கூலி. அங்கே மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது, கேட்வேயிலிருந்து காரில் சில நிமிடம். புனித வெள்ளியன்று அங்கே பெரிய திருவிழா நடக்கும். மாரியம்மனுக்கு ஏன் ஈஸ்டர் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள்: தோட்டத்து முதலாளி லீவு விட்ட நாள் அதுதான். கூழ் வாங்கக் குனிந்து நின்றுவிட்டு நிமிர்ந்தால் எதிரே மேட்டில் அலுவலகக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும்.

கேப் டவுன் மட்டும் எப்படித் தப்பித்தது?

தப்பித்தது என்று சொல்வதை விட, பிடித்து நிறுத்தினார்கள் என்று சொல்லலாம். 1990-களில் அங்கேயும் இதே கதைதான் ஓடியது. கம்பெனிகள் கிளேர்மாண்ட், டைகர் வேலி, செஞ்சுரி சிட்டி என்ற புறப்பகுதிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. டவுனில் கட்டடம் வைத்திருந்தவர்கள் பயந்துபோய், 2000-ஆம் ஆண்டு மத்திய நகர மேம்பாட்டு மாவட்டம் என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் சூட்சுமம் ரொம்பச் சாதாரணம்: டவுனில் சொத்து உள்ள ஒவ்வொருவரும் மாநகராட்சி வரிக்கு மேல் கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும், மாநகராட்சியே அதை வசூலித்து இவர்களிடம் கொடுக்கும், இவர்கள் அதில் காவலாளிகள், துப்புரவு ஆட்கள், வீடில்லாதவர்களுக்கான சமூகப் பணியாளர்கள் என்று வைத்துக்கொள்வார்கள். டர்பனிலும் இதே மாதிரி திட்டங்கள் வந்தன, ஆனால் இங்கே மாடியில் இருந்து வரி கட்ட வேண்டியவர் ஏற்கெனவே உம்ஷ்லாங்காவில் இருந்தார்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு, அதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை. ஒன்று மலை. டேபிள் மவுண்டனுக்கும் கடலுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட டவுன் அது, எல்லாரும் அதைப் பார்க்கத்தான் விமானம் ஏறி வருகிறார்கள். இரண்டாவது, நாடாளுமன்றம் அங்கே டவுனுக்குள்ளேயே இருக்கிறது, மாகாணத் தலைநகரமும் அதுவே. நமக்கு மாகாணத் தலைநகரம் பீட்டர்மரிட்ஸ்பர்க். அரசாங்கம் வாடகைக்கு இருக்கும் டவுன் அவ்வளவு சீக்கிரம் காலியாகாது.

பழைய அலுவலகங்களை வீடாக மாற்றியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940-ல் முடிந்த ஓல்ட் மியூச்சுவல் கட்டடம் இப்போது மியூச்சுவல் ஹைட்ஸ் என்ற பெயரில் பிளாட்டுகள்.

அந்த ஊரில் பாதியில் நிற்கிற பாலம் என்ன கதை?

எனக்குப் பிடித்த கேள்வி.

கேப் டவுனின் ஃபோர்ஷோர் என்பது கடலைத் தூர்த்து எடுத்த நிலம், 1930-40-களில் சுமார் 194 ஹெக்டேர். அங்கே நெடுஞ்சாலை மேம்பாலம் ஒன்று கட்டினார்கள், 1977-ல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு முனைகளும் ஆகாயத்தில் வெட்டுப்பட்டு இன்னும் நிற்கின்றன. இன்ஜினியர் கணக்குத் தப்பிவிட்டார், இரண்டு பக்கமும் சேரவில்லை என்று டாக்ஸிக்காரர்கள் சொல்வார்கள். கடைக்காரர் ஒருவர் நிலம் தர மறுத்தார் என்று இன்னொரு கதை. காசு இல்லை, அவ்வளவு கார் ஓடவும் இல்லை என்ற நிஜத்தில் சுவாரசியம் இல்லாததால் அதை யாரும் சொல்வதில்லை. கீழே கார் நிறுத்துகிறார்கள், மேலே விளம்பரப் படம் எடுக்கிறார்கள். பாலத்தை முடித்து, சுற்றியுள்ள நிலத்தையும் வளர்க்க மாநகராட்சி டெண்டர் விட்டு, 2018-ல் அதையும் ரத்து செய்தது.

சரி, டர்பனிலும் அதே மாதிரி ஒரு பாலம் பாதியில் நின்றது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வார்விக்கில்தான். நெடுஞ்சாலைக்காகத் தொடங்கி முடிக்காமல் விட்ட இரண்டு கிளைகள். 1990-களின் பிற்பகுதியில் மாநகராட்சி ஒரு நல்ல காரியம் செய்தது: நடைபாதையில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து மூலிகை விற்றுக்கொண்டிருந்தவர்களை அந்தப் பாலத்தின் மேல் ஏற்றி, கூரை போட்டு, தண்ணீர் கொடுத்து, ஜங்ஷனின் மற்ற நடைபாலங்களோடு இணைத்துவிட்டது. இப்போது அது மூலிகை மார்க்கெட். மரப்பட்டை மூட்டை மூட்டையாகக் கிடக்கும், ஒரு அம்மா சின்னக் கோடாலியால் வேரைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருப்பார், "டக் டக்" சத்தம் காலுக்குக் கீழே ஓடும் லாரிச் சத்தத்தோடு கலந்து கேட்கும். வசம்பு மாதிரி ஏதோ ஒரு வாசனை. என் அம்மா ஒரு தடவை அங்கே ஒரு வேரை எடுத்து மோந்து பார்த்து, "இது நம்ம ஊர் சரக்குதான்" என்றார். விற்ற அம்மா சுலு மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இருவரும் ஒரே வேரைத்தான் சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஆக, முடியாத பாலத்தை வைத்து அவர்கள் சினிமா எடுத்தார்கள், நாம் கடை போட்டோம். பெரியப்பாக்களிடம் நான் கடைசியாகச் சொல்வது இதைத்தான்.

கேப் டவுன் வாட்டர்ஃப்ரண்ட் மாதிரி டர்பனில் ஏன் இல்லை?

முயற்சி பண்ணினார்கள். கேப் டவுனில் 1988-ல் துறைமுகத்தின் பழைய பகுதியை, விக்டோரியா, ஆல்ஃப்ரெட் என்ற இரண்டு படுகைகளைச் சுற்றி, தனிக் கம்பெனி வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். மொத்தமாக இடித்துத் தள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாக, மீன்பிடிப் படகும் ரிப்பேர் பட்டறையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டினார்கள். 1924-ஆம் ஆண்டு தானியக் கிடங்கு கூட 2017-ல் ஸைட்ஸ் மியூசியம் ஆனது. முப்பது வருட நிதானம்.

டர்பனில் பாயிண்ட் பகுதி இருக்கிறது. 2004-ல் உஷாகா மெரைன் வேர்ல்ட் வந்தது, சுறாக்களைப் பார்க்க ஸ்கூல் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பின்னால் கால்வாய் வெட்டி, பிளாட் கட்டி, பெரிய திட்டம் போட்டார்கள், பாதிக்கு மேல் நகரவே இல்லை. நம் துறைமுகம் சுறுசுறுப்பாக வேலை செய்கிற கண்டெய்னர் துறைமுகம் என்பதும் ஒரு காரணம், நிலத்தை விட்டுக்கொடுக்க அதற்கு ஆசை இல்லை. ஆனால் கடற்கரை நடைபாதை நம்முடையதுதான் உசத்தி. ப்ளூ லகூனிலிருந்து துறைமுக வாய் வரை நடக்கலாம், டிக்கெட் இல்லை, கடைக்குள் போக வேண்டியதில்லை, சாட்ஸ்வர்த் இந்தியக் குடும்பமும் உம்லாசி கறுப்பினக் குடும்பமும் ஒரே புல்லில் பிரியாணி டப்பா திறக்கும். வாட்டர்ஃப்ரண்டில் சும்மா உட்கார்ந்தால் செக்யூரிட்டி இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போவார்.

கேப் டவுன் டவுனில் சாதாரண ஆள் குடியிருக்க முடியுமா?

முடியாது. சுருக்கமாக அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று சொன்னால்தான் புரியும்.

டவுனை ஒட்டி டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி. 1966-ல் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களைக் கிளப்பி மணல்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வீடுகளை இடித்தார்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி பல பத்து வருடம் வெறும் புல்லாகவே கிடந்தது, திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்றைக்கு டவுனைப் பளபளவென்று துடைக்கிறவர், முதலில் சொன்ன அந்த ஓரங்களில் ஒன்றான கயலிட்ஷாவிலிருந்து, சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி, விடியுமுன் கிளம்பி வருகிறார். மிச்சமிருக்கும் போ-காப் மாதிரி பழைய குடியிருப்புகளிலும் வெளிநாட்டுப் பணம் புகுந்து, வீடுகள் நாள்வாடகைக்குப் போகின்றன. என் அலுவலகத்துக்குக் கீழே காபி போட்ட பெண் சொன்னாள்: ஒரு நாள் டிப்ஸ் மொத்தமும் டாக்ஸிக்கே போய்விடுகிறதாம்.

இதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. மாநகராட்சியில் வேலை செய்த நம் ஆட்கள் டவுன் ஓரத்தில் மேகசின் பேரக்ஸில் இருந்தார்கள், கேட்டோ மேனரில் தோட்டம் போட்டு வாழ்ந்தார்கள், 1960-களில் அவர்களைத் தூக்கி சாட்ஸ்வர்த்தில் வைத்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், டர்பன் டவுனில் இப்போது சம்பளம் குறைந்தவனும் ஒரு அறை எடுத்து வேலைக்கு நடந்தே போகலாம். அந்த அறை நல்ல அறையா என்று கேட்காதீர்கள்.

பஸ், ரயில்?

கேப் டவுனில் மைசிட்டி பஸ் 2011-லிருந்து ஓடுகிறது, நேரத்துக்கு வரும். ஆனால் கயலிட்ஷா, மிட்செல்ஸ் பிளெய்ன் பக்கம் போன எக்ஸ்பிரஸ் 2019-ல் நின்றுபோய்ச் சில வருடம் கழித்துத்தான் திரும்ப வந்தது. அதே பக்கம் போகிற ரயில் பாதையையும் திருடர்கள் கம்பி கம்பியாகக் கழற்றி, பல வருடம் படுக்க வைத்தார்கள். டர்பனின் கோ டர்பன் பஸ் பாதை சிமெண்ட் போட்டு, நிலையம் கட்டி, வருடக்கணக்காகப் பஸ் இல்லாமல் கிடந்தது. நாங்கள் எல்லாரும் டாக்ஸி, அதாவது கையைக் காட்டினால் நிற்கிற மினிபஸ்.

ஜோபர்க்கை (ஜோஹன்னஸ்பர்க்) ஏன் சேர்க்கவில்லை?

அது தனிக் கதை. டவுனிலிருந்து வடக்குப் புறநகரான சாண்ட்டனுக்குப் பணம் ஓடியதில் டர்பனுக்கு அண்ணன், பங்குச் சந்தையே 2000-ல் டவுனை விட்டுப் போனது. அங்கே இந்தியர் பகுதியான லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது எழுதட்டும்.

டர்பன் டவுனில் நடக்கப் பயமில்லையா?

பகலில் நடக்கிறேன். போன் பைக்குள், சங்கிலி வீட்டில், கூட்டம் இருக்கும் பக்கமாக. இரவில் நடப்பதில்லை. கேப் டவுனிலும் லாங் தெருவில் இரவு இரண்டு மணிக்கு நான் நடக்க மாட்டேன்.

டவுனில் பிளாட் வாங்கலாமா? மலிவாக இருக்கிறதே?

மலிவுக்குக் காரணம் இருக்கும். என் அத்தை மகன் சவுத் பீச் பக்கம் கடல் தெரிகிற பிளாட் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினான். குடிபோன மூன்றாவது மாதம் லிஃப்ட் நின்றது. அவன் பதினோராவது மாடி, மாமியாருக்கு முழங்கால் வலி. விசாரித்தால் கட்டடத்தில் பாதிப் பேர் லெவி, அதாவது மாதப் பராமரிப்புக் கட்டணம், கட்டவில்லை, கட்டட நிர்வாகமோ மாநகராட்சிக்குத் தண்ணீர் பாக்கி வைத்திருக்கிறது. இவன் தன் பங்கை ஒழுங்காகக் கட்டியும் குழாயில் காற்று வந்தது.

ஆகவே கடலைப் பார்ப்பதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள். கட்டட நிர்வாகமான பாடி கார்ப்பரேட்டின் கடைசி இரண்டு மூன்று வருட வரவுசெலவு, கூட்டக் குறிப்பு, யார் யார் பாக்கி என்ற விவரம், இதெல்லாம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே பதில். பெயர் மாற்றும்போது மாநகராட்சியின் வரிபாக்கி இல்லாச் சான்று எப்படியும் வாங்கியாக வேண்டும், ஆனால் அது அந்த ஒரு பிளாட்டின் கதையைத்தான் சொல்லும், கட்டடத்தின் மொத்த வண்டவாளமும் அதில் வராது. அப்புறம், சனிக்கிழமை இரவு ஒரு தடவை, திங்கள் காலை ஒரு தடவை போய் லிஃப்டில் ஏறிப் பாருங்கள்.

கேப் டவுனில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: என்னிடம் கேட்கும் நிலையில் நீங்கள் இருந்தால் உங்களால் முடியாது.

தண்ணீர்ப் பிரச்சினை யாருக்கு அதிகம்?

அவர்களுக்கு இல்லாமல் போனது, நமக்கு அளவுக்கு மீறி வந்தது. 2018-ல் கேப் டவுன் அணைகள் வற்றி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு. நான் வாளிக்குள் நின்று குளித்து, அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றிய காலம். 2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் சேதமாகி, கழிவு கடலுக்குப் போய், கடற்கரைகளை மாதக்கணக்கில் மூடினார்கள். டிசம்பர் சீசனை நம்பிய ஹோட்டல்காரர்கள் இன்னமும் அதைச் சொல்லி அழுகிறார்கள். ஊர் மேலே எவ்வளவு உயர்ந்தாலும் கீழே குழாய் எத்தனை வருடப் பழசு என்று யாரும் கேட்பதில்லை.

மார்க்கெட்டை இடித்து மால் கட்டப் போவதாகச் சொன்னார்களே, என்ன ஆச்சு?

2009 கதை. வார்விக்கில் உள்ள ஏர்லி மார்னிங் மார்க்கெட், 1910-லிருந்து இருப்பது, நம் தோட்டக்காரர்கள் விடியுமுன் காய் கொண்டுவந்து போட்ட இடம். 2010 கால்பந்து உலகக் கோப்பை வருகிறது என்று அதை இடித்து மால் கட்ட மாநகராட்சி முடிவு செய்தது. இந்திய ஸ்டால்காரர்களும் சுலு சுமைதூக்கிகளும் தெருவோர வியாபாரிகளும் ஒன்றாக நின்றார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், திட்டம் அடங்கிப்போனது. 2010-ல் மார்க்கெட்டுக்கு நூறு வயது ஆனது.

ஒரே ஒரு காலை இருக்கிறது, டர்பன் டவுனில் எங்கே போவது?

ஆறு மணிக்கு அதே ஏர்லி மார்னிங் மார்க்கெட். கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய், உயிர்க்கோழி கூட உண்டு. பிறகு மூலிகைப் பாலம் ஏறி, விக்டோரியா தெரு மார்க்கெட் பக்கம் இறங்குங்கள். 1973-ல் பழையது எரிந்துபோய், பிறகு கட்டிய கட்டடம் இது. அங்கே மசாலாவைக் கோபுரம் மாதிரி குவித்து, அதன் மேல் சீட்டு குத்தியிருப்பார்கள், மாமியாரை ஒழிக்கும் மசாலா என்றெல்லாம் பெயர் வைத்து. அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு. நீங்கள் கடைக்குள் போய், குழம்புக்கு என்று சொல்லி, காரம் எவ்வளவு என்று சொன்னால் கண்ணெதிரே கலந்து தருவார்.

கேப் டவுன் மச்சான் ஒருவனைப் போன மாதம் அப்படிக் கூட்டிப்போனேன். காய்க்கார அக்காவிடம் பத்து ராண்டுக்கு மிளகாய் வாங்கினான், அவர் பையில் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் சும்மா போட்டார். "இதுக்கு எவ்வளவு?" என்று இவன் கேட்க, அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்த ஊர் தம்பி இது?" என்றார்.